தாமரை மருந்துக்கு உறைமோர்

போன வாரம் மில் லேபிலிருந்து கவிதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலியில் உட்கார்ந்தவள். "மேடம், அமெரிக்காவுக்குப் போன துணியில எதெதுக்குப் புளோரின் மருந்து போட்டோம்னு பழசெல்லாம் சேத்துக் கேக்கறாங்க. உங்க ரிப்போர்ட்ட எல்லாம் எடுத்துப் பாத்துட்டு இருக்கேன். ஒண்ணுல முதல் பக்கம் மட்டுந்தான் கெடைச்சுது, அதுல 'உறைமோர்'னு இங்கிலீஷ் எழுத்துல எழுதி வச்சிருக்கீங்க. அது என்ன கெமிக்கல் மேடம்? நெட்ல தேடினாலும் வரமாட்டேங்குது" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது. நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் பேப்பரைப் போட்டுவிட்டு என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று கவிதாவிடம் சொன்னேன். எழுத உட்கார்ந்தால் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் ஒரு மில்லே எழுந்து வந்து நிற்கிறது.

நான் கெங்கவல்லிப் பக்கம். அப்பாவுக்கு மரவள்ளிக் காடு. வேதியியலில் பட்டம் வாங்கிக்கொண்டு, வெண்ணந்தூர் சாலையில் இருந்த ஒரு துணி பதனிடும் மில்லில் லேப் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் கண்ணாடிக் குழாய் கழுவுவதிலும் சாயத்துக்கு நிறம் சேர்ப்பதிலும் போயின. அதில் சொல்ல ஒன்றுமில்லை, வாரத்துக்கு ஒரு நிறமாக என் விரல்கள் மாறியதைத் தவிர. கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டது அந்த ஊர்ப் பேச்சைத்தான். எங்கள் பக்கத்தில் பெரியவர்களை 'வாங்க, போங்க' என்றால் மரியாதை முடிந்தது. இங்கே கடிக்கிற கொசுவைக்கூட 'போங்க' என்றுதான் விரட்டுவார்கள் போலிருந்தது. நான் 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேசிவிட்டால், "மேடத்துக்கு இன்னைக்குக் கோவமுங்களா?" என்று கேட்பார்கள்.

மில்லில் வெளிநாட்டு ஓட்டல்களுக்கு மேஜைத் துணியும் சமையல்காரர் கட்டும் ஏப்ரனும் தயாரானது. சுற்றுவட்டாரத் தறிகளிலிருந்து வரும் துணியை வெளுத்து, சாயம் போட்டு, கடைசியாக ஒரு மருந்துக் கரைசலில் முக்கிப் பிழிந்து, ஸ்டென்டர் என்கிற நீளமான சூட்டு மெஷினுக்குள் விட்டு எடுப்போம். அந்த மருந்து ஏறிய துணியில் தண்ணீர் ஊற்றினால் உருண்டு ஓடிவிடும். குழம்பு சிந்தினாலும் துடைத்தால் போய்விடும். மருந்தின் பெயர் டப்பா மேல் நீளமாக இருக்கும், ஒருத்தருக்கும் வாயில் நுழையாது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாதல்லவா, அதனால் மில் முழுக்க அதற்குத் 'தாமரை' என்றே பெயர். "தாமரை ரெண்டு கேன் எடுத்தா" என்றால் ஸ்டோரில் சரியாக எடுத்துக் கொடுப்பார்கள்.

பெயர்தான் தாமரை. குணம் வேறு. அது புளோரின் சேர்ந்த மருந்து. புளோரினும் கார்பனும் ஒன்றை ஒன்று பிடித்தால் விடாத பிடி. வெயிலிலும் அழியாது, மண்ணிலும் மக்காது, எங்கள் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியிலும் சாகாது. கடைசியில் குடிதண்ணீருக்கும் மனிதர் ரத்தத்துக்கும் வந்து தங்கிவிடும், சில வகைகள் உடம்புக்குக் கெடுதல் என்றும் தெரியவந்தது. அதனால் வாங்குகிற கம்பெனிகள் கேட்க ஆரம்பித்தன. இந்த மருந்து உங்களிடம் உண்டா, எந்தத் துணிக்கு, எவ்வளவு, யார் கையாண்டார்கள், மிச்சமும் கழுவின தண்ணீரும் எங்கே போயின. இத்தனைக்கும் பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. அதிலிருந்து நான் 'ரிப்போர்ட் மேடம்' ஆனேன்.

என் ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட்டவர் ஜெனரல் மேனேஜர் குழந்தைவேலு. திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பண்ணையக் குடும்பம், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலை. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்தக் காகிதத்தையும் மனசுக்குள் படிக்கமாட்டார். எழுந்து நின்று, கல்யாணப் பத்திரிகை வாசிப்பது போல மேலிருந்து கீழ்வரை உரக்கப் படிப்பார். இங்கிலீஷாக இருந்தாலும் அப்படியேதான். கொங்கு ராகத்தில் அந்த இங்கிலீஷைக் கேட்க ஜன்னலுக்கு வெளியே ஆள் நிற்கும். புதிதாகச் சேர்ந்தபோது இது எதற்கு என்று கேட்டேன்.

"சத்தமாப் படிக்கோணும் சாமி. படிக்கறப்போ எங்கயாச்சும் தொண்டை அடைச்சுதுன்னா அந்த எடத்துல பொய் இருக்குதுன்னு அர்த்தம். மறுக்கா எழுதிக் கொண்டாங்க."

சின்னவர், பெரியவர், லாரி டிரைவர், வங்கி மேனேஜர் எல்லாருமே அவருக்குச் சாமிதான். திட்டும்போதும் சாமிதான். என்ன, அப்போது 'சாமீ' என்று கொஞ்சம் நீளும். அந்த நீளத்தை வைத்தே இன்று வானிலை எப்படி என்று தெரிந்துகொள்வோம்.

ஒரு பெரிய அமெரிக்க ஆர்டர் வந்தது. புளோரின் இல்லாத மருந்துதான் போட வேண்டும், இல்லை என்று எழுதியும் தர வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆர்டரை நம்பித்தான் இரண்டாம் ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஆர்டர்கள் சுருங்கிப்போயிருந்த நேரம். இது கைநழுவினால் இரண்டாம் ஷிப்டை மூடுவதைத் தவிர வழியில்லை என்று முதலாளி வீட்டிலிருந்தே சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த ஷிப்டில் பாதிப்பேர் பெண்கள். காலையில் வயல்காட்டு வேலை, மதியத்துக்கு மேல் மில் என்று குடும்பத்தை ஓட்டுகிறவர்கள்.

புது மருந்தை அறிமுகம் செய்யக் கோயமுத்தூரிலிருந்து கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். டை கட்டிய, நல்ல பிள்ளை. ஸ்டென்டர் பக்கத்தில் எல்லாரையும் நிற்கவைத்து விளக்கினார். சூட்டில் மருந்து துணியோடு இறுகிப் பிடிப்பதை இங்கிலீஷில் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். அவர் பாவம், எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழில் முயன்றார். "சூட்டுல இது தயிர் மாதிரி உறையுமுங்க. நல்லா உறைஞ்சாத்தான் தண்ணி நிக்காதுங்க" என்றார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரையும்விட நன்றாகத் தலையாட்டியவர் பினிஷிங் மாஸ்டர் அங்கமுத்து. அந்தக் கடைசி மருந்துக் கரைசல் கலப்பது முழுக்க அவர் பொறுப்பு. வெண்ணந்தூர்க்காரர். வீட்டில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர். அவருடைய தயிரை நாங்கள் எல்லாருமே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறோம். கத்தி போட்டு வெட்டலாம், அப்படி இருக்கும்.

புது மருந்து ஏறிய முதல் லாட் வந்ததும் லேபில் சோதித்தேன். துணியை வளையத்தில் இறுக்கிச் சாய்வாக வைத்து, பூவாளி மாதிரிப் புனலிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றி முடிந்ததும் வளையத்தை ஒரு தட்டுத் தட்டி, துணியில் எவ்வளவு ஈரம் நிற்கிறது என்று படத்தோடு ஒப்பிட்டு மார்க் போட வேண்டும். துணி முழு மார்க் வாங்கியது. ஒரு சொட்டு நிற்கவில்லை. எனக்கு ஒரே குஷி. லாட்டைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டு, 'புளோரின் மருந்து: இல்லை' என்று ரிப்போர்ட் எழுதி டைப் அடித்துவிட்டேன். ஜி.எம். ஊரில் இல்லை. மறுநாள் வந்ததும் கையெழுத்து.

மறுநாள் தேநீர் நேரத்தில் அங்கமுத்து வெட்டுத் துணி ஒன்றை மேஜையில் விரித்து, அதன்மேல் கேன்டீன் வாழைக்காய் பஜ்ஜியை வைத்து எல்லாருக்கும் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். பஜ்ஜியை எடுத்தால் துணியில் எண்ணெய் முத்து முத்தாக நிற்கிறது. கையால் தட்டினார், உருண்டு ஓடியது. துணி வெள்ளை வெளேர் என்று இருந்தது.

"பாத்தீங்களா மேடம்! புது மருந்துன்னா லேசுங்களா? எண்ணெயக்கூட அண்ட விடறதில்லீங்க!"

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு மட்டும் வாயில் இருந்த பஜ்ஜி இறங்கவில்லை. ஏனென்றால் புது மருந்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. அது தண்ணீரை விரட்டும், எண்ணெயை விடாது குடிக்கும். மேஜைத் துணிக்கு அது ஒரு குறைதான், வாங்குகிறவர்களும் தெரிந்தே ஒப்புக்கொண்ட குறை. எண்ணெயையும் விரட்டுவது புளோரின் ஒன்றுதான். அந்த முத்துக்கள் எனக்குப் பல்லைக் காட்டிச் சிரித்தன. என் ரிப்போர்ட்டோ 'இல்லை' என்று ஜி.எம். மேஜையில் படுத்திருந்தது.

நேராக ஜி.எம். அறைக்கு ஓடினேன். அவர் அப்போதுதான் வந்து, எழுந்து நின்று, என் ரிப்போர்ட்டை ராகம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். ஏற்றுமதி மேனேஜர் பேனாவோடு பக்கத்தில். "சார், நிறுத்துங்க. அதுல பொய் இருக்கு" என்றேன். ஒரு கடலை அவருக்குப் புரையேறிவிட்டது. இருமி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தீங்களா, தொண்டை அடைக்குமுன்னு சொன்னனே" என்றார் ஏற்றுமதி மேனேஜரிடம்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. மூவரும் பினிஷிங்குக்கு இறங்கினோம். மருந்து கலக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு மூலையில், ஈரச்சாக்கு போர்த்திப் பத்திரமாக ஒரு கேன் இருந்தது. பழைய தாமரை. மருந்துக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பச் சொன்ன சரக்கில் ஒன்று.

"இது ஏனுங்க மாஸ்டர் இங்க இருக்குது?" என்றார் ஜி.எம்.

அங்கமுத்து கொஞ்சமும் தயங்கவில்லை. பெருமையாகவே சொன்னார். "ஒறமோருக்குங்க."

"எதுக்கு?"

"அந்தத் தம்பி சொல்லுச்சுங்களே, தயிராட்டம் ஒறையோணும்னு. வெறும் பாலு ஒறையுமுங்களா? பழசுல கொஞ்சம் ஊத்துனாத்தான புதுசு ஒறையும்? அந்தத் தம்பி டவுன்காரரு, தயிரப் பாக்கெட்டுல வாங்கறவரு. ஒற ஊத்தோணும்னு அவருக்குத் தெரியாதுங்க. அதான் நானே ஒவ்வொரு கலக்கலுக்கும் அர வாளி ஊத்திப்போட்டேனுங்க."

ஏற்றுமதி மேனேஜர் தலையில் கை வைத்தார். எனக்கோ, அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டியது. வேண்டுமென்று கெடுக்கவில்லை, திருடவில்லை. மில்லுக்கு நல்லது என்று நினைத்து, தன் வீட்டில் நாள் தவறாமல் செய்கிறதை இங்கேயும் செய்திருக்கிறார். அந்த ஆளை எப்படிக் கோபிப்பது?

நான் விளக்கினேன். இது மக்காது, தண்ணீரில் போனால் தண்ணீரிலேயே கிடக்கும், அதற்காகத்தான் இத்தனை கெடுபிடி என்று. அங்கமுத்துவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

"பொணங்கூட மக்கிப்போவுதுங்க மேடம். இது மக்காதுங்களா?"

"மக்காது மாஸ்டர்."

"அப்ப என்னாலதான் ரெண்டாஞ் சிப்ட்டு போவப்போவுதுங்களா?" என்று கேட்டுவிட்டு அந்தக் கேன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மேலே வந்ததும் ஏற்றுமதி மேனேஜர் கெஞ்சினார். லாட் பேக் ஆகிவிட்டது, அங்கே எல்லாத் துணியையுமா சோதிக்கப்போகிறார்கள், இந்த ஒரு தடவை 'இல்லை' என்றே போகட்டும், அடுத்த லாட்டிலிருந்து சுத்தமாகச் செய்வோம். அவர் கெட்டவர் இல்லை. இரண்டாம் ஷிப்டை நினைத்துத்தான் சொன்னார். ஜி.எம். பழைய ரிப்போர்ட்டை எடுத்து, மறுபடி எழுந்து நின்று, உரக்கப் படித்தார். 'இல்லை' என்ற வார்த்தையில் நின்றார். அதற்கு மேல் குரல் வரவில்லை. இந்தத் தடவை கடலை காரணம் இல்லை.

"படிக்க முடியல சாமி" என்று என்னிடம் நீட்டினார். "இருக்குதுன்னே எழுதுங்க. எப்படி வந்துச்சுன்னும் எழுதுங்க. மாஸ்டர் பேர மட்டும் எழுத வேண்டாம். கலக்கச் சொன்னது மில்லு, கையெழுத்துப் போடறது நானு."

என் வாழ்நாளில் எழுதிய கஷ்டமான ரிப்போர்ட் அதுதான். மருந்தின் முழுப்பெயர், ஊற்றிய அளவு, எந்தெந்தத் துணி எல்லாம் சுலபமாக வந்துவிட்டது. 'எப்படிச் சேர்ந்தது' என்ற இடத்தில் பேனா நின்றது. உறைமோருக்கு இங்கிலீஷ் என்ன? அகராதியில் தேடினேன், கல்லூரியில் பாடம் நடத்தும் என் தங்கையைக் கேட்டேன், எதுவும் பொருந்தவில்லை. கடைசியில் அந்த வார்த்தையையே இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, தயிர் தோய்க்கும் முறையை மூன்று வரியில் விளக்கி, அதைத்தான் எங்கள் ஆள் மருந்துக்குச் செய்தார் என்று முடித்தேன். ரசாயன ரிப்போர்ட்டில் எருமைப்பால் இடம்பெற்றது உலகத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். ஜி.எம். அதை உரக்கப் படித்தபோது எருமைப்பால் உட்பட ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

வாங்குகிற கம்பெனியின் ரசாயன அதிகாரி ஒரு அம்மாள். வீடியோவில் வந்தார். சிரிக்கத் தெரியாத முகம். ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே கேள்வி கேட்டார். மிச்சக் கேன் எங்கே? பூட்டி வைத்திருக்கிறோம். தொட்டி கழுவின தண்ணீர்? இன்னும் கழுவவில்லை, கழுவினால் தனி டிரம்மில் பிடித்து, எரித்து அழிக்கும் இடத்துக்கு அனுப்புவோம். முன்பே வெளியே போனது? போனது போனதுதான், அளவு எழுதியிருக்கிறோம். அந்த அம்மாள் ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினார். ஜி.எம். சட்டைப் பையில் கையை விட்டார், கடலையை எடுக்கத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு வருகிற ரிப்போர்ட் எல்லாவற்றிலும் 'இல்லை' என்றுதான் இருக்கிறது. அதில் எத்தனை நிஜம் என்று எனக்குத் தெரியாது. 'இருக்கிறது' என்று எழுதி முதன்முதலாக வந்தது உங்களுடையதுதான். இந்த லாட் வேண்டாம். ஆர்டரை ரத்து செய்யவில்லை, நிறுத்தி வைக்கிறேன். சுத்தம் செய்து புதுத் துணியைக் காட்டுங்கள். அதில் நீங்கள் 'இல்லை' என்றால் நான் நம்புவேன். ஆனால் அதிலும் இருந்தால் ஆர்டர் கிடையாது" என்றார். பிறகு, "அந்தத் தயிர் நன்றாக இருக்குமா?" என்று ஒரு கேள்வி. "கத்தி போட்டு வெட்டலாம்" என்றேன். அப்போதுதான் அந்த முகம் லேசாக இளகியது.

அதன்பின் மில்லில் திருவிழாக் களைதான். தறிக்காரர்கள் வேறு வேலையை நிறுத்திவிட்டு எங்களுக்குத் துணி நெய்தார்கள். இரண்டாம் ஷிப்ட் பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு தொட்டியைத் தேய்த்தார்கள். கழுவின தண்ணீர் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகாமல் டிரம்முக்குப் போகிறதா என்று நான் காவல் நின்றேன். அங்கமுத்து வீட்டுக்கே போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பழைய லாட்டுக்கு 'புளோரின் உண்டு' என்று சீட்டு ஒட்டி கோடௌனில் ஓரங்கட்டினோம். நஷ்டம் நஷ்டம்தான்.

புது மருந்தை மட்டும் போட்டு ஒரு துண்டுத் துணி ஓட்டினோம். லேபுக்கு எடுத்துப்போய்க் கடலை எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன். முத்தாக நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கே மிச்சம் இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டு வழியெல்லாம் தேடினோம். தொட்டியிலிருந்து மெஷினுக்கு மருந்து போகும் ரப்பர்க் குழாயை மாற்ற மறந்திருந்தோம். அதையும் பிழிகிற ரோலரின் ரப்பரையும் மாற்றி மறுபடி ஓட்டினோம்.

இந்தத் தடவை சொட்டு விடுவதை மேலே லேபில் வைத்துக்கொள்ள ஒருவரும் சம்மதிக்கவில்லை. ஸ்டென்டர் பக்கத்திலேயே மேஜை போட்டுத் துணியை விரித்தோம். இரண்டாம் ஷிப்டுக்கு வந்தவர்கள், வீட்டுக்குப் போக வேண்டிய முதல் ஷிப்ட்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். முதலில் தண்ணீர் விட்டேன், உருண்டு ஓடியது. பிறகு எண்ணெய். சொட்டு விழுந்தது. ஒரு கணம் நின்றது. பிறகு மெதுவாகச் சரிந்து, பரந்து, துணிக்குள் இறங்கி, காசு அகலத்துக்கு மஞ்சளாக ஒரு கறை.

அவ்வளவுதான், கூரை பிய்த்துக்கொள்ளும்படி ஒரு சத்தம்! விசில், கைதட்டல், யாரோ ஒரு குலவை. கறை படிந்ததற்கு ஒரு துணி மில்லே ஆடியது நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். ஜி.எம். அங்கேயே ஒரு அட்டைப்பெட்டி மேல் ஏறி நின்று புது ரிப்போர்ட்டைப் படித்தார். 'புளோரின் மருந்து' என்றதும் நிறுத்தினார். கூட்டம் முழுக்கச் சேர்ந்து "இல்லீங்க!" என்று கத்தியது. வெளி லேபின் முடிவும் பின்னால் அப்படியே வந்தது, ஆர்டரும் நிலைத்தது. அங்கமுத்துவிடம் அவர் சொன்னது ஒரே வரி: "இனிமே ஒறமோரு ஊட்டுல மட்டும் சாமி."

அங்கமுத்து அந்தக் கறையை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான். "வேலைக்கி வந்த நாள்ல இருந்து துணியில கற படியக்கூடாதுன்னுதான் மேடம் கும்பிட்டிருக்கறேன். இன்னைக்குத்தானுங்க, கற படியோணும் சாமின்னு கும்பிட்டேன்."

இரண்டாம் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது. ஜி.எம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "சங்கு ஊதிப்போட்டாங்க சாமீ, போங்க, போங்க" என்றார். ஒருவரும் நகரவில்லை. பின்னால் நின்ற பெண்கள் இன்னும் கறையைப் பார்க்கவில்லை.